தாழ்ப்பாள்

ரூம்மேட்டாக வர விரும்பியவனிடம் நான் ஏழு கேள்விகள் கேட்டேன். தம் உண்டா? தண்ணி? சமைக்கத் தெரியுமா? நைட் ஷிஃப்ட் வருமா? ஃப்ரெண்ட்ஸ் வந்து தங்குவாங்களா? வாடகை அஞ்சாம் தேதிக்குள்ள குடுத்துருவீங்களா? கடைசியாக, நேட்டிவ் எது?

கடைசிக் கேள்வியை நம்மூரில் யாரும் ஊர்ப்பெயர் தெரிந்துகொள்வதற்காக மட்டும் கேட்பதில்லை. சங்கரன்கோவில் பக்கம் என்றான். அங்கே எந்தத் தெரு என்று நான் கேட்கவில்லை. கேட்காததற்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

இது 2014இல். துரைப்பாக்கத்தில், ஓஎம்ஆரிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி, இரண்டாவது மாடியில் இரண்டு பெட்ரூம் வீடு. வாடகை 14,000. சென்னை வழக்கப்படி அட்வான்ஸ் பத்து மாதம், அதாவது 1,40,000. கூட இருந்தவன் கல்யாணமாகிப் போய்விட, இரண்டு மாதம் முழு வாடகையையும் நானே கட்டியிருந்தேன். அதனால் ஏழு கேள்விகளுக்கு ஐந்து சரியான பதில் வந்தாலே போதும் என்ற நிலையில்தான் இருந்தேன். அவன் ஏழுக்கும் சரியாகவே சொன்னான். என்னைவிட இரண்டு வயது இளையவன். முதல் நாளே “அண்ணே” என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான்.

ஹவுஸ் ஓனர் மேற்கு மாம்பலத்தில் இருந்தார். பேச்சிலர்களுக்கு வீடு கொடுப்பதே பெரிய உபகாரம் என்று நினைப்பவர். அதில் வெளியாட்கள் மாறி மாறி வருவது அவருக்கு ஆகாது. அசைவம் கூடவே கூடாது. அவரைப் பார்க்கப் போகும்போது படிக்கட்டில் வைத்து இவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

“நீ என் சித்தி பையன். வெஜிடேரியன். ஞாபகம் வச்சுக்கோ.”

“சரிண்ணே. எந்தச் சித்தி?”

“சின்னச் சித்தி.”

சிரித்துக்கொண்டே படியேறினோம். ஓனர் இரண்டு ஃபோட்டோவும் வோட்டர் ஐடி நகலும் வாங்கிக்கொண்டு ஒரு படிவத்தை நிரப்பினார். 2012 பிப்ரவரியில் வேளச்சேரி வாடகை வீடு ஒன்றில், வங்கிக் கொள்ளைகளில் தேடப்பட்டதாகச் சொல்லப்பட்ட ஐந்து பேர் போலீஸ் என்கவுன்டரில் இறந்தார்கள். அதன்பிறகு, குடியிருப்பவர்களின் விவரங்களை ஸ்டேஷனில் கொடுக்க வேண்டும் என்று சென்னைப் போலீஸ் வீட்டுக்காரர்களுக்கு உத்தரவிட்டிருந்தது. அப்பா பெயர், நிரந்தர முகவரி, அலுவலகம் எல்லாம் அந்தப் படிவத்தில் ஏறின. எங்களால் யாருக்கும் ஆபத்து வரக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. எங்களில் ஒருவருக்கு ஏதாவது ஆனால் மற்றவன் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு எந்தப் படிவமும் இல்லை.

நல்ல ரூம்மேட் அவன். ஞாயிறு காலையில் மீன் வாங்கி வந்து, குழம்பு கொதிக்கும்போது ஜன்னல்களைச் சாத்திவிட்டு ஊதுபத்தி கொளுத்துவான். கரண்ட் பில்லைப் பைசா சுத்தமாக இரண்டாகப் பிரிப்பான். சில விஷயங்களில் மட்டும் விநோதமாக இருந்தான். கட்டில் இருந்தும் தரையில்தான் பாய் விரித்துப் படுப்பான். “கட்டில்ல தூக்கம் வராதுண்ணே.” பைக் ஓட்டக் கற்றுத் தருகிறேன் என்றால் பேச்சை மாற்றுவான். கோவளம் போனபோது நாங்கள் எல்லோரும் கடலில் இறங்க, அவன் எங்கள் செருப்புகளுக்குக் காவலாகக் கரையில் நின்றான். ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் மாத்திரை வைத்திருந்தான். கேட்டால் சத்து மாத்திரை. ஒவ்வொன்றுக்கும் நான் ஒரே காரணம்தான் வைத்திருந்தேன்: ஊர்க்காரப் பையன், பயந்த சுபாவம்.

இன்னொன்றும் உண்டு. பாத்ரூம் கதவைச் சாத்துவானே தவிர தாழ்ப்பாள் போட மாட்டான். ஒருமுறை தெரியாமல் திறந்துவிட்டேன். “டேய், தாழ்ப்பாள்னு ஒண்ணு எதுக்குடா வச்சிருக்கான்?” என்று சிரித்தேன். இரண்டாவது முறை சிரிக்கவில்லை. சேர்ந்து இருக்கிற வீட்டில் இதெல்லாம் ஒரு பேசிக் மேனர்ஸ் என்று கொஞ்சம் நீளமாகவே பேசினேன். அவன் தலையாட்டினான். அடுத்த நாளிலிருந்து தினமும் காலையில் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. ஒரு பிரச்சினையைப் பேசித் தீர்த்துவிட்ட திருப்தி எனக்கு.

எட்டாவது மாதம், ஒரு சனிக்கிழமை. அவனுக்கு ரிலீஸ் நேரம், மூன்று இரவாகச் சரியான தூக்கமில்லை. விடியற்காலை ஐந்தரைக்கு வாளி உருளும் சத்தம் கேட்டு விழித்தேன். பிறகு கதவில் ஏதோ ஒரே சீராக இடிக்கும் சத்தம். கூப்பிட்டேன். பதில் இல்லை. பிவிசி கதவுதான். மூன்றாவது உதையில் தாழ்ப்பாள் பிய்த்துக்கொண்டது.

சுவருக்கும் கம்மோடுக்கும் நடுவில் கிடந்தான். உடம்பு முழுக்க வெட்டி வெட்டி இழுத்தது. நெற்றியில் ரத்தம். குழாய் திறந்தே இருந்தது. நான் செய்ததையெல்லாம் அப்படியே சொல்கிறேன். ஓடிப்போய் பைக் சாவியை எடுத்துவந்து அவன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினேன். சினிமாவிலும் தெருவிலும் அதைத்தான் பார்த்திருக்கிறேன். நாக்கைக் கடித்துக்கொள்வானோ என்று பயந்து ஸ்பூனைப் பல்லுக்கு நடுவில் திணித்தேன். முன்பல் ஒன்று ஓரத்தில் உடைந்தது. எஞ்சினியரிங்கில் நான்கு வருடம் என்னவெல்லாமோ படித்தவனுக்கு, பக்கத்தில் ஒருவன் விழுந்தால் என்ன செய்வது என்று தெரியவில்லை.

108க்கு அடித்தேன். வண்டி வந்தது. வாட்ச்மேனும் நானும் ஆம்புலன்ஸ்காரர்களும் சேர்ந்து அவனை இறக்கினோம். எமர்ஜென்சியில் ஒரு நர்ஸ் எழுதிக்கொண்டே கேட்டார்.

“பேஷன்ட்டுக்கு நீங்க என்ன வேணும்?”

“அண்ணன்.”

ரூம்மேட் என்றால் உள்ளே விடமாட்டார்களோ என்ற பயம். ஏற்கெனவே சொல்லிப் பழகிய பொய்தானே, நாக்கில் தானாக வந்தது.

“அப்பா பேரு?”

அவன் இனிஷியல் கே. அந்த கே என்ன என்று எனக்குத் தெரியாது. நர்ஸ் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எட்டு மாதம் ஒரே குக்கரில் சோறு பொங்கியவர்கள் நாங்கள். அவன் ஃபோன் லாக்கில் இருந்தது. அம்மாவின் நம்பர் என்னிடம் இல்லை. ரத்த வகை தெரியாது. அவசரத்தில் கையோடு அள்ளி வந்த அவன் பையைக் கொட்டினேன். எவர்சில்வர் டப்பாவும், நான்காக மடித்த ஒரு பழைய மருந்துச் சீட்டும் விழுந்தன. நர்ஸ் வாங்கிப் பார்த்தார்.

“ரொம்ப நாளா ஃபிட்ஸ் இருக்கே. ஏன் முதல்லயே சொல்லல?”

அவன் அப்பா பெயரும் ஊர் முகவரியும் எழுதிய படிவம் மேற்கு மாம்பலத்தில் இருந்தது. ஓனருக்கு ஒரு ஃபோன் போட்டால் போதும். ஆனால் சித்தப்பா பெயர் தெரியாத அண்ணனாக நான் என்ன சொல்லிக் கேட்பது? ஓனரின் நம்பரைத் திரையில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றேன். அழுத்தவில்லை. உள்ளே ஒருவன் நினைவில்லாமல் கிடக்கும்போது நான் வீட்டை நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பத்து நிமிடத்தை இன்றுவரை என்னால் யாரிடமும் நியாயப்படுத்த முடிந்ததில்லை.

நல்லவேளையாக அவன் கண் திறந்தான். கொஞ்ச நேரம் குழம்பிப்போய் எங்கெங்கோ பார்த்தான். என்னை அடையாளம் தெரிந்ததும் முதலில் கேட்டது இதுதான்:

“ஓனருக்குத் தெரிஞ்சிருச்சாண்ணே?”

தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள், நெற்றியில் நான்கு தையல் போட்டார்கள். வேலை மும்முரத்தில் இரண்டு நாள் மாத்திரை விட்டுப்போயிருக்கிறது, தூக்கமும் இல்லை. வலிப்பைக் கூப்பிட்டு உட்காரவைக்க இது ரெண்டும் போதும் என்றார் டாக்டர். எனக்கும் ஒரு பாடம் எடுத்தார். அசையாமல் பிடித்து அழுத்தக்கூடாது. வாயில் எதுவும் வைக்கக்கூடாது, தண்ணீர்கூட. இரும்புக்கும் வலிப்புக்கும் சம்பந்தமே இல்லை. தானாக நிற்கிற வலிப்பு சாவி கொடுத்த நேரத்தில் நின்றால், பேர் சாவிக்குப் போகிறது. செய்ய வேண்டியது கொஞ்சம்தான்: இடித்துக்கொள்ளும் பொருட்களை நகர்த்து, தலைக்கு அடியில் துணி வை, ஒருக்களித்துப் படுக்க வை, கடிகாரத்தைப் பார். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு வருவதற்குள் அடுத்தது வந்தாலோ, அடிபட்டாலோ ஆம்புலன்ஸ். ஒழுங்காகச் சிகிச்சை கிடைத்தால் வலிப்பு உள்ளவர்களில் 70 சதவீதம் பேர்வரை வலிப்பே வராமல் வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவனுக்கும் அதற்குமுன் இரண்டு வருடமாக வந்ததில்லையாம்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் எனக்குக் கோபம் வந்தது. பயம் தெளிந்தபின் வரும் கோபம்.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லடா?”

“சொல்லியிருந்தா ரூம் குடுத்திருப்பீங்களா?”

“குடுத்திருப்பேன்.”

அவன் ஒன்றும் சொல்லாமல் என்னையே பார்த்தான். பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அந்த இரண்டு மாத வாடகை நெருக்கடியில்கூட, ‘வலிப்பு உண்டு’ என்று சொல்லியிருந்தால், “யோசிச்சுச் சொல்றேன் ப்ரோ” என்று அனுப்பியிருப்பேன். அப்படி அனுப்பப்பட்ட அனுபவம் அவனுக்கு ஏற்கெனவே இருந்தது. முதலில் தங்கிய அறையில் ஒருநாள் வந்திருக்கிறது. யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அவன் டம்ளரை மட்டும் தனியாக எடுத்து வைக்க ஆரம்பித்தார்கள். மாதக் கடைசியில் “வேற இடம் பாத்துக்கோடா” என்றார்களாம், ரொம்ப மரியாதையாக.

மறுநாள் அவன் அம்மா ஊரிலிருந்து வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, “நாந்தாய்யா யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தேன். இவன் தங்கச்சிக்கு மாப்பிள்ள பாக்கோம்லா” என்றார். மூடநம்பிக்கை என்று எனக்குள் ஒரு குரல் எழுந்தது. பிறகு தேடிப் படித்தபோது வாயடைத்தது. திரும்பத் திரும்ப வரும் வலிப்பு, 1999 வரை இந்துத் திருமணச் சட்டத்திலேயே கல்யாணத்துக்கு ஒரு தகுதிக்குறைவாக எழுதப்பட்டிருந்தது. அந்த வருடத் திருத்தத்தில்தான் அந்தச் சொல்லை எடுத்தார்கள். சட்டமே அவ்வளவு காலம் அப்படிச் சொன்ன நாட்டில், அந்த அம்மா மறைத்ததில் என்ன வியப்பு?

ஆனால் என்னை உறுத்தியது வேறு. படிக்கட்டில் வைத்து அவனுக்கு நான் முதன்முதலில் சொல்லிக் கொடுத்தது என்ன? இந்த வீட்டில் இருக்க வேண்டுமென்றால் நீ யார் என்பதை மறைக்க வேண்டும் என்பதைத்தான். நீ சாப்பிடுவதை மறை, நீ யார் பிள்ளை என்பதை மறை. அவன் கூடுதலாக ஒன்றைச் சேர்த்து மறைத்தான், அவ்வளவுதான். போதாததற்கு, அவன் உயிருக்காகத் திறந்து வைத்திருந்த ஒரே கதவையும் மேனர்ஸ் பேசித் தாழ்ப்பாள் போட வைத்தவன் நான்.

அந்த ஞாயிறு அம்மா வைத்த மீன்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு ஏ4 தாளில் எழுதினோம். அவன் பெயர், ‘கே’யின் விரிவு, அம்மா நம்பர், ரத்த வகை, மாத்திரை பெயர், டாக்டர் சொன்ன நான்கு வரி. அடுத்து பணம். அட்வான்ஸில் அவன் பங்கு 70,000 என்னிடம் இருந்ததற்கு அதுவரை ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியது, ஆனால் அது வீட்டுக்காரருக்கும் வாடகைக்காரருக்கும் நடுவில். ஒரே கூரையின் கீழ் இருக்கும் எங்களைப் போன்ற இரண்டு பேருக்கு நடுவில் நாங்களே எழுதிக்கொண்டால்தான் உண்டு.

“இப்போ உங்களோடத சொல்லுங்கண்ணே” என்றான்.

“எனக்கு என்னடா, ஒண்ணுமில்ல.”

அவன் பேனாவை மூடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னேன். சில ராத்திரிகளில் திடீரென்று நெஞ்சு படபடத்து மூச்சு முட்டும். ஹார்ட் அட்டாக் என்று நினைத்து இரண்டு தடவை தனியாக ஆட்டோ பிடித்துப் போய் ஈசிஜி எடுத்துவிட்டு வந்திருக்கிறேன். இதயத்தில் ஒன்றுமில்லை, பதற்றம் என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது தடவை அவன் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தான்.

“எழுப்பியிருக்கலாமேண்ணே” என்றான். நான் அவனிடம் கேட்ட அதே கேள்வி.

பாத்ரூமுக்குப் புதுக் கதவு போட 2,800 ஆனது. தாழ்ப்பாள் வைக்கவில்லை. ஒரு ஆணியில் துண்டு தொங்கும். துண்டு இருந்தால் ஆள் உள்ளே. கதவு ஏன் மாறியது என்று ஓனர் கேட்டபோது ஈரத்தில் உப்பிவிட்டது என்றோம். வெளியே சொன்ன பொய்களை எங்களால் நிறுத்த முடியவில்லை. எல்லோரிடமும் உண்மை சொல்லி வீடு கிடைக்கிற ஊர் அல்ல இது. வீட்டுக்குள் மட்டும் நிறுத்திக்கொண்டோம்.

அதன்பின் மூன்று வருடம் சேர்ந்து இருந்தோம். ஒரு தடவைதான் வந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்றரை நிமிடம். அது முடிந்து அவன் தூங்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவன் கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணிடம் தானே சொன்னான். ஒருவர் வேண்டாம் என்றார். அடுத்தவர் மாத்திரை எத்தனை மணிக்கு என்று கேட்டார். காலி செய்யும்போது அவன் பங்கு 70,000ஐத் திருப்பிக் கொடுத்தேன். எண்ணிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டான்.

அடுத்து வந்தவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். கிச்சன் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த தாளைக் காட்டி, “இது என்ன ப்ரோ?” என்றார். அவன் பகுதியைக் கத்தரித்து அவனிடமே கொடுத்துவிட்டிருந்தேன். என்னுடையது மட்டும் இருந்தது. மூச்சு முட்டுவது உட்பட.

“படிச்சுப் பாருங்க. கீழ இடம் விட்டிருக்கேன். தோணும்போது எழுதுங்க, எழுதணும்னு கட்டாயம் இல்ல” என்றேன்.

அவரிடம் ஏழு கேள்விகளும் கேட்கவில்லை. வாடகைத் தேதி மட்டும் சொன்னேன். பேனாவை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பத்து நாள் கழித்து, ஒரு காலையில் சர்க்கரை டப்பாவை எடுக்க அலமாரியைத் திறந்தபோது, என் வரிகளுக்குக் கீழே புதிய கையெழுத்தில் மூன்று வரிகள் இருந்தன. அவற்றில் இரண்டு ஃபோன் நம்பர்கள்.