இலங்கைத்துறைக்குப் போகும் வழி

திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குக் கரையோரமாகச் செல்வதென்றால், ஒரு காலத்தில் பாதி நாள் காத்திருப்பதிலேயே கழியும். கிண்ணியாவில் தொடங்கித் துறைக்குத் துறை இறங்கவேண்டும். 'பாதை' வரும்வரை நிற்கவேண்டும். தமிழகத்து வாசகர்களுக்கு இச்சொல்லை விளக்கவேண்டும். கிழக்கிலங்கையில் பாதை என்பது நிலத்தில் கிடக்கும் வழி மட்டுமன்று. ஆட்களையும் வாகனங்களையும் அக்கரை சேர்க்கும் மிதவைக்கும் அதுவே பெயர்.

2009 அக்டோபரில், சவுதி அரேபிய நிதியுதவியுடன் கட்டிய 396 மீட்டர் நீளக் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. தொடர்ந்து மற்றத் துறைகளிலும் பாலங்கள் எழுந்தன. இப்போது பேருந்தில் சற்றே கண்ணயர்ந்தால், கொட்டியாரக் குடாவைச் சுற்றிக்கொண்டு மூதூர் வந்துவிடுகிறது. ஆயினும் பெரிய வீதியை விட்டு உள்ளே திரும்பினால் கதை வேறு. கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பழைய பாலத்தை உடைத்துவிட்டார்கள், புதியது முடியவில்லை, மக்கள் மிதவையில் கடந்தார்கள். 2021 நவம்பர் 23 காலை அது கவிழ்ந்தது. பள்ளிக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் நீரில் மூழ்கி இறந்தார்கள். பாலத் திறப்பு விழாக்களைப் படம்பிடிக்கும் நாம், பாலம் முடியாத ஊர்களுக்குச் சாவு விழுந்த பிறகே போகிறோம்.

மூதூரில் இறங்கினால் ராபர்ட் நொக்ஸை நினைக்காமல் இருக்க முடியாது. புயலில் பாய்மரம் இழந்த கப்பலைச் செப்பனிட வந்து, 1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் சிக்கியவர். பத்தொன்பது ஆண்டுகள் கழித்தே தப்பினார். அதே மூதூரில்தான் 2006 ஆகஸ்டில், பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் ஊழியர்கள் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நொக்ஸின் கதை புத்தகமாயிற்று. இவர்களுடையது இன்னும் தீர்ப்பில்லாத வழக்கு.

தெற்கே ஈச்சிலம்பற்றைக் கடந்து கடல் பக்கம் திரும்பினால் இலங்கைத்துறை முகத்துவாரம். களப்பு கடலோடு கலக்கும் வாய். அருகே பாறைக் குன்று. மேலே பௌத்த விகாரை. நான்காம் நூற்றாண்டில் கலிங்கத்திலிருந்து ஹேமமாலாவும் தந்த குமாரனும் புத்தரின் புனிதப் பல்லைக் கொண்டுவந்து இறங்கிய இடம் இதுவே என்பது சிங்கள மக்களின் நம்பிக்கை. கிழக்கில் போர் ஓய்ந்தபின் இவ்விடம் 'லங்கா பட்டுன' என்ற பெயரில் வழங்கலாயிற்று.

வேடிக்கை என்னவென்றால், 'பட்டுன' என்றாலும் துறைதான். இரு மொழியும் ஒன்றையே சொல்கின்றன. இரண்டையும் ஒரே பலகையில் எழுதினால் யாருக்கும் ஒன்றும் குறையாது. ஒன்றை எழுதி மற்றதை மறைக்கும்போதுதான், அங்கே பிறந்தவனுக்குத் தன் ஊரிலேயே அந்நியனான உணர்வு வருகிறது. நம்பிக்கை வழிபாட்டுக்குப் போதும். ஊர்ப்பெயரை அழிக்கும் சான்றாக அதைக் கொள்ள முடியாது. இதைத் தமிழர் தரப்புக்கும் சேர்த்தே சொல்கிறேன். இக்கரையோரத்தில் தமிழ் பேசும் வேடர்கள் நெடுங்காலமாக வாழ்கிறார்கள். செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட நூலிலேயே கரையோர வேடர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். 'யார் முதலில்' என்ற வழக்கில் அவர்களை எவரும் சாட்சிக்கு அழைப்பதில்லை.

குன்றின் கீழே மீன் கூடையுடன் நின்ற ஒரு பெண்ணிடம், "அம்மா, இந்த இடத்துக்கு என்ன பேர்?" என்று கேட்டேன்.

"முகத்துவாரம்" என்றார். "மீன் வேணுமா?"

வெருகலுக்கு இன்னும் போகவேண்டியிருந்தது. வாங்கவில்லை.