உழைச்செல்வாள் ஒருத்தி

பிணியுற்றோரைப் பேணுதலுக்கு அரபு மொழியில் ‘தம்ரீள்’ என்றொரு சொல் உண்டு. நோயைக் குறிக்கும் ‘மரள்’ என்னும் வேரினின்றே அது பிறந்தது. ஸர்ஃபு ஓதும் மாணவர்களுக்கு ‘தஃப்யீல்’ வாய்பாட்டை விளக்கும்போது, சிலவிடங்களில் அது வேர்ப்பொருளை நீக்குதலையும் உணர்த்தும் என்று கூறி, இச்சொல்லை உதாரணமாகக் காட்டுவது நம் வழக்கம். பல்லாண்டு காலம் இவ்வாறு ஓதிக் கொடுத்து வந்தோம். அச்சொல்லே ஒரு நாள் நம் வீட்டுத் திண்ணையில் வந்தமர்ந்து நம்மை வினவும் என்று நாம் எண்ணியதில்லை.

2021 ஆம் ஆண்டு, ஒரு நாள் அஸர் தொழுகை முடித்து நாம் வீடு திரும்பியபோது, முன்னாளில் நம்மிடம் மக்தபில் ஓதிய பெண்ணொருத்தி, நம் மனைவியாரின் அருகே அமர்ந்திருந்தாள். கணவனை இழந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. பள்ளி செல்லும் மக்கள் இருவர். கையில் ஒரு விண்ணப்பத் தாள். செவிலியர் பயிற்சிப் பள்ளியினுடையது. படிப்பு மூன்றாண்டுகள். சேருவோரின் வயது 35ஐத் தாண்டலாகாது என்று அதில் அச்சிடப்பட்டிருந்தது. அவளுக்கு அப்போது வயது 34.

“ஹஜரத், நானா சம்மதிக்க மாட்டேன் என்கிறார்கள். ஹஜரத் ஆகுமென்று சொன்னால் தடுக்க மாட்டார்களாம்” என்றாள். பின்னர்ச் சற்று நேரம் மௌனமாயிருந்துவிட்டு, “வாப்பா அன்றைக்குக் கேட்டபோது ஹஜரத் வேண்டாமென்று சொன்னீர்கள்” என்றும் கூறினாள். அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. நினைவூட்டல் மட்டுமே இருந்தது. அதுவே நம்மைச் சுட்டது.

ஆம்; சொல்லியிருந்தோம். 2005 ஆம் ஆண்டு, அவள் பன்னிரண்டாம் வகுப்பில் தேறியிருந்த சமயம், அவளுடைய தந்தையார் இதே திண்ணையில் அமர்ந்து நம்மிடம் ஆலோசனை கேட்டார். இரவுப் பணி, அந்நிய ஆடவரைத் தொடும் தொழில், நம் குடும்பத்துப் பெண்ணுக்கு ஒவ்வாது என்று, எந்தக் கிதாபையும் புரட்டாமல், ஒரு குவளைத் தேநீர் ஆறுவதற்குள் தீர்ப்புக் கூறிவிட்டோம். அவ்வாண்டே அவளுக்கு நிகாஹ் நடந்தது. அதை ஓதி வைத்தவரும் நாமே.

இம்முறை மூன்று நாள் தவணை கேட்டோம்.

முதல் நாளிரவு கிதாபுகளை எடுத்தோம். இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில், நிகாஹ் பாடத்தில், இரத்தம் குத்தியெடுத்தல், சிகிச்சை முதலியவற்றின் பொருட்டுப் பார்ப்பதும் தொடுவதும் ஆகுமென்று எழுதப்பட்டிருக்கிறது. அதற்குரிய நிபந்தனைகளை விரிவுரைகள் வகுத்துள்ளன. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களோ இஹ்யாவின் கல்வி பற்றிய பகுதியில், மருத்துவத்தை ஃபர்ளு கிஃபாயா என வைத்து, ஊரார் அனைவரும் ஃபிக்ஹு படிக்க முண்டியடிக்கின்றனர், மருத்துவம் கற்பார் இல்லை என்று மனம் நொந்து எழுதுகிறார்கள். இவ்விரு இடங்களையும் நாம் பலமுறை ஓதிக் கொடுத்தவரே. ஓதிக் கொடுத்தது நம் நாவோடு நின்றுவிட்டது போலும்.

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் காலத்தில், அகழ்ப் போரில் காயமுற்ற ஸஃது இப்னு முஆத் (ரலி) அவர்களுக்கு மதீனாப் பள்ளிவாயிலிலேயே கூடாரம் அமைக்கப்பட்டது. காயமுற்றோரைப் பேணிய ருஃபைதா (ரலி) என்னும் அம்மையாரின் கூடாரத்தை வரலாறு குறித்து வைத்திருக்கிறது. உம்மு அத்தியா (ரலி) அவர்கள் ஏழு போர்களுக்குச் சென்று உணவு சமைத்ததையும், காயங்களுக்கு மருந்திட்டதையும், நோயாளிகளைக் கவனித்ததையும் தாமே அறிவித்துள்ளார்கள். இவற்றையெல்லாம் மீலாது மேடைகளில் பெருமையோடு பேசியிருக்கிறோம். ஆனால், நம் தெருவிலிருந்து ஒரு பெண் அவர்கள் வழியில் செல்ல விழைந்தபோது வாசற்கதவைச் சாத்தினோம்.

இரண்டாம் நாள், கிதாபுகளினும் கடியதொரு நினைவு வந்தது. 2013 ஆம் ஆண்டு நம் உம்மா பக்கவாதத்தால் வீழ்ந்து, 23 நாட்கள் மருத்துவமனையில் கிடந்து மௌத்தானார்கள். பேச்சு குழறிற்று; அறிவு தெளிவாயிருந்தது. முதல் இரு நாட்கள், சிறுநீர்க் கலம் கொணர்ந்தவர் ஆடவராய் இருந்தமையால், உம்மா தலையை அசைத்து மறுத்து, வலியோடு அடக்கிக்கொண்டே இருந்தார்கள். சுத்தத்தின் சட்டங்களை மனனமாய் அறிந்த நாம், பெற்ற தாயின் உடலைத் துப்புரவு செய்ய வகையறியாது வராந்தாவில் நின்றோம்.

மூன்றாம் நாள் நடுவயதுச் செவிலியர் ஒருவர் பணிக்கு வந்தார்; கிறித்தவ அம்மையார். திரையை இழுத்து மறைத்து, உம்மாவின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். அதன்பின் உம்மா மறுக்கவில்லை. இரண்டு மணிக்கொரு முறை உடம்பைப் புரட்டிப் படுக்கவைக்காவிடில் முதுகிலும் இடுப்பிலும் புண் விழும் என்று நமக்குக் கற்பித்தவர் அவரே. தலைத்துணி நழுவும் போதெல்லாம் யாரும் சொல்லாமலே அதைச் சரிசெய்தார். நம் பெண்களைப் பெண்களே பேண வேண்டும் என்கிறோம்; பேணக் கற்கும் பெண்ணை வீட்டைவிட்டு அனுப்பமாட்டோம் என்றும் கூறுகிறோம். இவ்விரண்டும் எவ்வாறு பொருந்தும்?

இதே முரண்பாட்டின் விலையைத் தமிழகம் முன்பே கொடுத்திருக்கிறது. ஐடா ஸ்கடர் அம்மையார் இளம்பெண்ணாய்த் திண்டிவனத்தில் தந்தையாருடன் தங்கியிருந்தபோது, ஓரிரவில் மூவர் தத்தம் மனைவியரின் பிரசவ வேதனைக்கு உதவி வேண்டி வந்தனர். ஆண் மருத்துவரான அவருடைய தந்தையை அனுப்ப மூவருமே இசையவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். அம்மூவருள் ஒருவர் முஸ்லிம். அவ்விரவே அம்மையாரை மருத்துவராக்கிற்று. 1909இல் அவர் வேலூரில் செவிலியர் பயிற்சியையும் தொடங்கினார்.

எஞ்சியது வயது பற்றிய ஐயம். அதற்கும் நம் மாணவர்க்கு நாம் சொல்லும் கதையிலேயே விடையிருந்தது. ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் கஃப்பால் மர்வஸீ (ரஹ்) அவர்கள் பூட்டுச் செய்யும் தொழிலாளி. முப்பதாம் வயதிலேதான் கல்வி தேடப் புறப்பட்டார்கள். நைட்டிங்கேல் அம்மையார், தாயும் தமக்கையும் எதிர்த்ததை மீறி ஜெர்மனியில் பயிற்சி பெற்றபோது அவருக்கு வயது 31. 1854இல் துருக்கியின் உஸ்குதார் மருத்துவமனைக்குச் சென்றபோது வயது 34. ஆடவனுக்குச் சொன்ன கதையைப் பெண்ணுக்குச் சொல்ல நமக்கு இத்தனை காலம் பிடித்தது.

மூன்றாம் நாள் நாமே அவள் வீட்டுக்குச் சென்று, அவளுடைய நானாவிடம், “ஆகும் என்பது மட்டுமன்று, இது ஊரின் மீதுள்ள கடமை. அன்று உம் வாப்பாவிடம் நாம் கூறியது பிழை” என்றோம். பிழையென்று ஒப்பும் வார்த்தை நம் வாயினின்று எளிதில் வரவில்லை. அவர் நெடுநேரம் தரையையே நோக்கியிருந்தார். பின், பிள்ளைகளைத் தம் வீட்டில் வைத்துக்கொள்வதாகச் சொன்னார்.

அவள் பட்ட பாடு சிறிதன்று. உடன் படித்தோர் பதினெட்டு வயதினர். சிலர் அவளை ‘ஆன்ட்டி’ என்றே அழைத்தனராம். எலும்புகள், நரம்புகளின் ஆங்கிலப் பெயர்கள் மனத்தில் தங்கவில்லை. முடிவில், நம்மிடம் ஸர்ஃபு வாய்பாடுகளை ஓதிய அதே இராகத்தில் அவற்றையும் ஓதி மனனம் செய்தாளாம். இளையவனுக்குக் காய்ச்சல் கண்ட இரவிலும் அவள் பிறர் பிள்ளைகளின் காய்ச்சலைப் பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்தது. அதை நம் மனைவியாரிடம் சொல்லி அழுதாள். மறுநாள் பணிக்குப் போனாள்.

2025இல் அவள் தேறி, அண்மை நகரில் பணியேற்றாள். சில மாதங்களுக்குப் பின், நம் மஹல்லாவைச் சேர்ந்த மூதாட்டி ஒருவரைக் காண அங்குச் சென்றிருந்தோம். கட்டிலைச் சுற்றித் திரை இழுக்கப்பட்டிருந்தது. உள்ளேயிருந்து, “வெட்கப்படாதீங்க பெரியம்மா, நான் நம்ம ஊர்ப் பிள்ளைதான்” என்னும் குரல் கேட்டது. நாம் வராந்தாவிலேயே நின்றோம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னும் இவ்வாறே நின்றது நினைவுக்கு வந்தது.

வள்ளுவர் மருந்து அதிகாரத்தை முடிக்கும் இடத்தில், மருத்துவத்தின் நான்கு உறுப்புகளுள் ஒன்றாக ‘உழைச்செல்வானை’ வைக்கிறார். ‘உழை’ என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்தே நிற்பவர் என்பது கருத்து. நம்முள் பேசுவோர் பலர். பக்கத்தே நிற்போர் சிலரே. ஹஜரத் அனுமதி கொடுத்ததால் அவள் உயர்ந்தாள் என்று ஊரார் இன்று பேசுகின்றனர். நாம் கொடுத்தது ஒன்றுமில்லை. பதினாறு ஆண்டுகள் தடுத்து வைத்திருந்ததை விட்டுவிட்டோம், அவ்வளவே. அவ்வாண்டுகளுக்காக அல்லாஹ் நம்மைப் பொறுத்தருள்வானாக. அவள் கைகளில் ஷிஃபாவையும் நெஞ்சில் உறுதியையும் வைப்பானாக. ஆமீன்.