நம் கிழக்கே ஓர் எரிமலை

செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் செல்லும் வழியில் குன்றுகள் பல. அவற்றுட் சில உச்சி கூம்பி நிற்றலின், இவையும் ஒரு காலத்து எரிமலைகளே என்பார் நம் மாணவருள்ளும் உளர். அது பொருந்தாது. இம்மாவட்டத்துப் பல்லாவரக் குன்றின் கல், சார்னோக்கைட்டு எனப்படும். கல்கத்தாவிலுள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் அவ்வினத்ததாதலின், ஹாலண்டு என்னும் நிலநூலார் அப்பெயரிட்டனர். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகட்கு முன், நிலத்தின் மிக்க ஆழத்தே கடுவெப்பத்தில் உருவான கல் அது. மாமல்லபுரத்துப் பாறைகளும் ஆழத்தில் தோன்றியனவே. மேலிருந்த நிலம் தேய்ந்து நீங்க வெளிப்பட்டு, வெயிலாலும் மழையாலும் தோலுரிந்து உருண்டன.

எரிமலையின் வடிவோ, அது கக்கிய குழம்பின் இயல்பைக் காட்டுவது. பதநீர் காய்ச்சக் கண்டோர்க்கு இஃது எளிதில் விளங்கும். இளம்பதத்தில் ஊற்றினால் பரந்தோடும். பாகு முற்றியபின் ஊற்றினால் ஊற்றிய இடத்தே குவியும். நீர்த்த குழம்பு நெடுந்தூரம் ஓடிப் படிந்து, தரையிற் கிடத்திய கேடயம்போல் ஆவது கேடய எரிமலை. ஹவாயித் தீவின் மௌனா லோவா அத்தகையது. தடித்த குழம்பும் சாம்பலும் மாறி மாறி அடுக்கி உயர்வது அடுக்கு எரிமலை; ஜப்பானின் பூஜி அவ்வகை. கங்கும் கசடும் வாயைச் சுற்றிக் குவிவது கங்குக் கூம்பு. மெக்சிக்கோவில் 1943-இல் உழவர் ஒருவரின் மக்காச்சோளக் கொல்லையைப் பிளந்தெழுந்த பாரிக்குட்டின், ஓராண்டிற்குள் 300 மீட்டருக்கு மேல் வளர்ந்தது! உள்ளிருந்த குழம்பு வெளியேறியபின் உச்சி இடிந்து அமிழ்ந்த பெரும்பள்ளத்தைக் கால்டெரா என்பர். கொதிகலம் என்பதே அச்சொல்லின் பொருளாதலின், நம் 'கொப்பரை' அதற்கு நன்கு பொருந்துமென்பது எம் கருத்து.

மாமல்லபுரத்திற்கு ஏறக்குறைய நேர்கிழக்கே, 1,500 கிலோமீட்டர் அளவில், அந்தமான் கடலிலுள்ள பாரன் தீவில் இவற்றுள் மூன்று ஒருங்கே அமைந்துள்ளன. கடலடியிலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் எழுந்த அடுக்கு எரிமலை அது. நீர்மேல் தோன்றுவது உச்சி மட்டுமே. அவ்வுச்சியில் 2 கிலோமீட்டர் அகன்ற கொப்பரை. அதனுள் ஒரு கங்குக் கூம்பு. கொப்பரையின் மேற்குச் சுவர் திறந்து நம்மை நோக்கி நிற்கின்றது. நெடுங்காலம் உறங்கி 1991-இல் விழித்தது, 2005-இலும் கனன்றது.

மாமல்லபுரத்துக் குப்பமொன்றில் யாம் மூவரும் இதனைப் பேசிக்கொண்டிருந்தபோது, அருகே வலை பழுதுபார்த்திருந்த முதியவர், "தம்பிகளா, அந்த மலை வெடித்தால் கடல் மறுபடியும் ஊருக்குள் வருமா?" என்றார். 2004 டிசம்பர் 26-இல் தமக்கையை இழந்தவர் அவர்.

அன்றைய அலை எரிமலையால் வந்ததன்று, சுமத்திராவை அடுத்துக் கடலடி நிலம் வழுக்கியதால் வந்தது என்றோம். ஆயினும் தொடர்பே இல்லை என எமக்குச் சொல்ல இயலவில்லை. ஒரு நிலத்தட்டு மற்றொன்றின் கீழ் அமிழும் அவ்விளிம்பே பாரன் தீவிற்கும் குழம்பு ஊட்டுகின்றது. மேலும், தளரக் குவிந்த தீவுமலையின் பக்கம் சரிந்தாலும் கடல் பொங்கும். 2018 டிசம்பர் 22-இல் இந்தோனேசியாவின் அனாக் கிரக்கத்தோவா அவ்வாறு சரிய, அண்மைக் கரைகளில் 400-க்கு மேற்பட்டோர் மாண்டனர். பெருநடுக்கம் முன்வராமையால் எச்சரிக்கையும் எழவில்லை. அத்தகைய அலை தொலைவு செல்லச் செல்லத் தேயும் என்பதையும் கூறினோம்.

"2004-இல் வந்ததும் தொலைவிலிருந்துதானே?" என்றார் அவர்.

அன்று அசைந்தது 1,200 கிலோமீட்டர் நீண்ட கடலடி. மலைப்பக்கம் ஒன்று அதற்கு எம்மட்டு என விளக்கினோம். அவர் தலையசைத்து, அத்தீவை மணலில் வரைந்து காட்டச் சொன்னார். வரைந்தோம். திறந்த சுவரின்மேல் விரல் வைத்து, "இது எந்தப் பக்கம்?" என்றார். மேற்கு என்றோம்.