மீன் என்றால் காட்

கனடாவின் கிழக்குக் கோடியில், அட்லாண்டிக்குக்குள் துருத்திக்கொண்டிருக்கும் நியூஃபவுண்ட்லாந்து தீவில் 'ஃபிஷ்' என்றால் காட் மட்டும்தான். சால்மனை சால்மன் என்பார்கள், ஹெர்ரிங்கை ஹெர்ரிங் என்பார்கள். அவை 'ஃபிஷ்' கணக்கில் சேராது. இது தெரியாமல் பொனவிஸ்டா என்ற ஊரின் உணவகத்தில் "என்ன மீன்?" என்று கேட்டேன். "மீன்தான், மை லவ்" என்றார் பரிமாறிய அம்மாள். முன்பின் தெரியாதவர்களையும் இங்கே இப்படித்தான் அழைக்கிறார்கள்.

ஜூன் மாதம். தூறல், குளிர், பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத மூடுபனி. இதற்குப் பெயர் 'கேப்லின் வெதர்'. கேப்லின் என்ற சிறுமீன்கள் கூட்டங்கூட்டமாக முட்டையிடக் கரையேறும் பருவம். அவற்றை விரட்டிக்கொண்டு காட் வரும்.

பழைய மீன் வணிகர் ஒருவரின் கிடங்குகள் இப்போது அருங்காட்சியகம். அங்கே ஒரு முதியவர் கையசைவிலேயே தொழிலை நடத்திக் காட்டினார். தண்ணீருக்கு மேல் கால் ஊன்றி நிற்கும் மரக்கொட்டகை 'ஸ்டேஜ்'. உள்ளே ஒரு மேசை. முதலில் நிற்பவர் 'கட்த்ரோட்', அதாவது கழுத்தறுப்பவர்! அடுத்தவர் தலையையும் குடலையும் எடுப்பார். ஈரல் எண்ணெய்க்குப் போகும். மூன்றாமவர் முள்ளை உருவுவார். பிறகு உப்பு. வாரக்கணக்கில் உப்பில் கிடந்ததைக் கழுவி, நீர் வடிய அடுக்கினால் அந்தக் குவியல் 'வாட்டர் ஹார்ஸ்'. குதிரை எங்கிருந்து வந்ததோ! அடுத்து, கழிகளால் கட்டிய 'ஃபிளேக்' என்னும் பரணில் உலர்த்த வேண்டும். இரு கைகளால் அணைத்து அள்ளும் அளவு ஒரு 'யாஃபிள்'.

உலர்த்தியவர்கள் பெரும்பாலும் பெண்கள். கண் முழுக்க வானத்தின் மேல் இருக்குமாம். மழைக்கு மட்டுமல்ல, வெயிலுக்கும் பயந்து. சூடு ஏறினால் மீன் வெந்து கெட்டுவிடும். நம் கருவாட்டுக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள்.

உலர்ந்த மீனைத் தரம் பிரிப்பவர் 'கல்லர்'. குடும்பத்தின் ஒரு பருவ உழைப்பு அவர் கைவீச்சில் விலையாகும். மேல்தரங்கள் ஐரோப்பாவுக்கு. கடைத்தரத்தின் பெயர் 'வெஸ்ட் இண்டியா': கரீபியன் கரும்புத் தோட்டத்து அடிமைகளின் வயிற்றுக்கு. இங்கே கேட்ட சொற்களில் எனக்கு உறுத்தியது இது ஒன்றுதான்.

இங்கிலாந்தின் டார்செட், டெவன் பகுதிகளிலிருந்தும் அயர்லாந்தின் தென்கிழக்கிலிருந்தும் வந்தவர்கள் கொண்டுவந்த பேச்சு இது. கரைப்பாறையில் உறைந்து படியும் பனிக்கட்டிக்கு 'பாலிகேட்டர்', கடலில் கூழாக மிதப்பதற்கு 'ஸ்லாப்' என்று பனிக்கே தனிப் பட்டியல் உண்டு. ஸ்டோரி, கிர்வின், விடோசன் மூவரும் இவற்றையெல்லாம் தொகுத்து 1982இல் பேரகராதியாக்கினார்கள். சரியான நேரத்தில்தான் செய்திருக்கிறார்கள். அளவுமீறிய பிடிப்பால் காட் அற்றுப்போக, 1992 ஜூலை 2 அன்று அரசு வடகடல் காட் பிடிப்பை நிறுத்தியது. சுமார் 30,000 பேருக்கு வேலை போனது. 2024இல்தான் தடை முறைப்படி விலக்கப்பட்டது.

இடைப்பட்ட காலத்திலும், கோடையில் குறித்த நாட்களில் வீட்டுச் சாப்பாட்டுக்கு மட்டும் ஆளுக்கு ஐந்து மீன் பிடிக்க அனுமதி இருந்தது. போவீர்களா என்று முதியவரைக் கேட்டேன்.

"போவேன். ஆனால் ஐந்து மீன் ஒரு யாஃபிளுக்குக்கூடக் காணாதே" என்றார்.