ஒட்டு

தையல்காரர் வீட்டில் மிச்சத் துணி குப்பைக்குப் போகாது. இருபத்தைந்து ஆண்டுகள் வீட்டிலிருந்தே தைத்த அம்மாவுக்கு அது ஒரு கொள்கை மாதிரி. தாமான் அக்காக்களின் தீபாவளி ரவிக்கை, தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளின் கருநீலப் பினஃபோர், பக்கத்து வீட்டு மக்சிக்கின் பாஜு கூரோங் என்று எதை வெட்டினாலும் ஒரு கையகலத் துண்டாவது எங்கள் வீட்டில் தங்கிவிடும். முழங்கால் வலி வந்தபின் மிதி மிஷினை விட்டுவிட்டார். துணிகள் மட்டும் ஏழு அட்டைப்பெட்டிகளில் அப்படியே இருந்தன.

அதை வைத்து ஓர் ஒட்டுப் போர்வை தைக்கலாம் என்றேன். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

"ஒட்டுப் போட்டதப் போத்திக்கிட்டுதான்டா நாங்க வளந்தோம். நீ இஞ்சினியர் ஆயிட்டு அதையே தைக்கப் போறியா?"

நான் பார்த்ததெல்லாம் யூடியூப் க்வில்ட். அம்மா பார்த்தது தோட்டத்து லயத்தில் பாட்டி கையால் தைத்த போர்வை. கிழிந்த கைலி, மாவுச் சாக்கு, பால் வெட்டப் போகும்போது போடும் நீளக்கைச் சட்டையின் முதுகுப்பக்கம். ரப்பர் பால் பட்ட இடம் கறுத்து விறைத்துக் கிடக்குமாம், எத்தனை முறை துவைத்தாலும் போகாது. வீட்டுக்கு ஆள் வந்தால் முதலில் ஒளித்து வைப்பது அதைத்தான். இப்போது இணையத்தில் இதையே 'நிலைத்தன்மை' என்கிறார்கள். வேறு வழி இருப்பவர் செய்தால்தான் அந்தப் பெயர் போல.

இருந்தாலும் தொடங்கினேன். முதல் வேலை துணியைப் பிரிப்பது. சந்தேகமானதில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்த்தேன். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி மணி மாதிரி கெட்டியாகும். இரண்டையும் கலந்து தைத்தால் துவைத்த பிறகு பருத்தி சுருங்கும், மற்றது சுருங்காது, தையல் கோணிக்கொள்ளும். பருத்தியை மட்டும் எடுத்து ஆறரை அங்குலச் சதுரங்களாக வெட்டினேன். நான்கு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போனால் மிச்சம் ஆறு. பத்துக்குப் பன்னிரண்டு, மொத்தம் 120.

"நூல் போற பக்கமா வெட்டுடா. கிராஸா வெட்டினா இழுத்துக்கும்," என்று நாற்காலியிலிருந்தே குரல் வந்தது. பிடிக்கவில்லை என்றவர் அங்கிருந்து எழுந்து போகவும் இல்லை.

அமெரிக்காவின் அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்றோர் ஊர். பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த பெண்கள் பழைய வேலை உடுப்புகளை வெட்டிப் போர்வை தைத்தார்கள், குளிருக்காக. 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் அவற்றைக் கண்காட்சியாக வைத்தது. 2006-இல் தபால்தலைகளாகவும் வந்தன. படங்களைக் கைப்பேசியில் அம்மாவிடம் காட்டினேன். முட்டி தேய்ந்து வெளுத்த கால்சட்டைத் துணி ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"தோட்டத்துச் சனம்தான்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சுவத்துல மாட்டுனா அழகுதான். போத்திக்கிட்டுப் படுத்தவளுக்கு?"

சதுரங்களைத் தரையில் அடுக்கியபோது அம்மா ஒவ்வொன்றாக அடையாளம் சொன்னார். இது மூலை வீட்டுக்கார அம்மா, கூலி பாக்கி. இந்த நீலம் அப்பா இல்லாத பிள்ளை, காசு வாங்கல. ஒரு வெள்ளைத் துண்டை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அளவு கொடுத்த பாட்டி அதை வாங்க வரவே இல்லையாம். நான் மேலே கேட்கவில்லை. 119 ஆனது. வேறொரு துண்டைத் தேடி வெட்டினேன்.

எல்லாம் அடுக்கி முடித்ததும்தான் எனக்குத் தோன்றியது. "இதுல உங்க துணி எதும்மா?"

"என் ரவிக்கையில மிச்சம் ஏது?" சிரித்தார். மற்றவர்கள் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு மீட்டர் வாங்கி வருவார்கள். அம்மா தனக்கு எடுக்கும்போது கடையிலேயே கணக்குப் போட்டு எண்பது சென்டிமீட்டரில் நிறுத்திவிடுவார். ஏழு பெட்டியையும் கிளறினேன். இருபத்தைந்து வருஷத்தில் அவர் தனக்கென்று தைத்ததில் ஒரு துண்டுகூட இல்லை.

நம் ஊர் வெயிலுக்குப் பஞ்சு வேண்டாம். நடுவில் பழைய படுக்கை விரிப்பு ஒன்றை வைத்து, பின்பக்கத்துக்கு ஒரே நிறத்தில் காடாத்துணி கொடுத்து, ஓரத்தை மடித்துத் தைத்தேன். ஆறு வார இறுதிகள் ஆயின.

அம்மா ஏர்கோன் போட்ட அறையில் தினமும் அதைத்தான் போர்த்திக்கொள்கிறார். யாராவது வீட்டுக்கு வந்தால் மட்டும், காடாத்துணிப் பக்கம் மேலே தெரியும்படி திருப்பிக் கட்டிலில் விரித்துவிடுகிறார்.