எங்க கிணறும் கடலும்

எங்க ஊர் கொட்டிவாக்கம். கடல் கூப்பிடு தூரம். ஆனாலும் கிணற்றுத் தண்ணி இளநீர்தான். (மெக்கானிக்கல்காரர்கள் நம்பமாட்டார்கள்!) நன்னீர் லேசு, உப்புநீர்மேல் மிதக்கும். கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடி நிற்கும் என்பது சிவில் பாடம். திருப்பிப் போட்டுப் பாருங்கள்: 1 அடி இறைத்து இறக்கினால், அடியில் 40 அடி உப்பு ஏறும்.

அடுக்குமாடிகள் வந்தன, ஆழ்துளைக் கிணறுகள் வந்தன, லாரிகளும் வந்தன. "பருப்பு வேகலடா" என்றாள் ஆயா.

2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாச்சு. எங்க தெருவில் பல வீட்டில் குழாய் இருக்கு, குழிக்குள் குப்பை. மீஞ்சூரில் 2010-இலும் நெம்மேலியில் 2013-இலும் வந்த ஆலைகள், கடல்நீரிலிருந்து தலா நாளுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தர அமைந்தவை. நல்லதுதான், ஆனா எங்க கிணற்றுக்கு மழைதான் ஊறணும்.

ஐப்பசிக்குள் தெருக் குழிகளைத் தூர்வாரி, ஜல்லியும் மணலும் மாற்றப் போறேன். மண்வெட்டி இருக்கு, ஆள்தான் வேணும். வர்றீங்களா?