காணித் தரகும் கைப்பேசியும்

விழா மலரொன்றைப் புரட்டுவோர், கல்லூரி உருவாக்கிய வைத்தியர், பொறியியலாளர், சட்டத்தரணிகள், நிருவாகிகள் முதலியோரின் பெயர்களை அதன்கண் நிரல்படக் காண்பர். அது முறையே. ஆயினும் இக்கல்லூரி வாயிலைக் கடந்து சென்றோருள் கமஞ் செய்வோரும் உளர். கடை நடத்துவோரும் உளர். காணித் தரகு செய்வோரும் உளர். முன்னைய இரு திறத்தார்க்கும் மலரில் ஒரோவழி இடங் கிடைப்பதுண்டு. தரகர்க்கோ ஒரு வரியேனும் கிடைத்ததாக எமக்கு நினைவில்லை. அக்குறையைச் சிறிதளவேனும் நிறைக்க எண்ணியே இக்கட்டுரையை வரைகின்றோம்.

தரகு என்னுஞ் சொல் எம்மவர் செவியிற் சற்றுத் தாழ்ந்தே ஒலிக்கின்றது. விற்போரிடம் ஒன்றும் வாங்குவோரிடம் பிறிதொன்றும் கூறி இடையிற் பயன் பெறுபவர் தரகர் என்பது பலர் எண்ணம். தமிழ் கற்பிக்கும் நாம் இத்தொழில்பற்றி எழுத வந்தது எவ்வாறு எனச் சிலர் வினவலாம். காரணம் எளிது. எம்மிடம் தமிழ் பயின்ற இளைஞர் சிலர், சில ஆண்டுகளாகத் தம் காணி விளம்பரங்களைத் திருத்தித் தருமாறு எம்மை நாடி வருகின்றனர். அன்று கட்டுரைக் கொப்பியை நீட்டிய கைகள் இன்று கைப்பேசியை நீட்டுகின்றன. அன்று சிவப்பு மையாற் சுழித்தோம். இன்று விரலாற் சுட்டித் திருத்துகின்றோம். வேறுபாடு அவ்வளவே.

முன்னாளிற் காணித் தரகர் என்றால், துவிச்சக்கர வண்டியும் குடையும் கக்கத்தில் ஒரு பையுமாக ஒழுங்கைதோறும் திரிந்த ஒருவரே எம் மனக்கண்முன் தோன்றுவார். கோயில் வீதியிலும் சந்தையிலும் வாசிகசாலைத் திண்ணையிலும் அவர் செய்தி திரட்டுவார். எந்த வளவு எவருடைய முதுசம், எக்கிணற்று நீர் நன்னீர், எக்காணி எப்பெண்ணுக்குச் சீதனமாக எழுதப்பட்டது என்பனவெல்லாம் அவர் அறிவார். ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேட்டைத் தோம்பு என்பர். அத்தரகரின் நெஞ்சே ஒரு தோம்பாக இருந்தது. எனினும் அவர் அறிந்த உலகம் நான்கைந்து ஊர்களோடு முடிந்துவிடும்.

இன்றைய தரகரின் உலகம் அத்தகையதன்று. அவர் முகநூலில் ஒரு பக்கம் வைத்திருக்கின்றார். வட்ஸ்அப்பிற் பல குழுக்களில் அங்கம் வகிக்கின்றார். விளம்பர இணையத்தளங்களிற் படங்களை ஏற்றுகின்றார். கூகுள் வரைபடத்திற் காணியின் இருப்பிடத்தைக் குறித்து அனுப்புகின்றார். மாலை 6 மணிக்கு அவர் வேலியோரமாக நடந்தபடி கைப்பேசியிற் காட்டும் காட்சியை, கோடைகாலத்து ரொறன்ரோவிற் காலை 8.30 மணிக்குத் தேநீர் அருந்தியபடி ஒருவர் நேரே காண்கின்றார். படலையையும் பனையையும் கிணற்றுக் கட்டையும் கண்டு, “இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் காட்டும், தம்பி” என்கின்றார்.

இதனை இகழ்ந்துரைத்தல் நம் நோக்கமன்று. 1990ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கை விட்டு நீங்கியோரும், 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்தைவிட்டு ஒரே இரவிற் பெயர்ந்தோரும், அவற்றின் முன்னும் பின்னும் கடல் கடந்தோரும் இன்று பல கண்டங்களில் வாழ்கின்றனர். காணி இங்கே, உரித்தாளர் அங்கே. பற்றை மண்டிய வளவுக்கு ஆள் தேடுவோர் ஒரு திசையில், குடியிருக்கக் காணி தேடுவோர் ஒரு திசையில். இவ்விருவரையும் ஒருவரோடொருவர் பேசவைக்கும் ஆற்றல் இக்கருவிகளுக்கு உண்டு. வண்டியில் திரிந்த தரகர் எத்துணைத் திறமையுடையவராயினும் இதனைச் செய்திருத்தல் இயலாது.

எனின், குறை யாது? எம்மிடம் திருத்தத்திற்கு வந்த விளம்பரங்களிற் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. “நகருக்கு மிக அண்மையில் அழகிய காணி. அரிய வாய்ப்பு. உடன் தொடர்புகொள்க.” இதிற் பிழையென்று கோடிடுதற்கு ஒன்றுமில்லை. எழுவாய் பயனிலை இயைபு உண்டு, சந்தியும் சரியே. ஆனாற் காணியைப்பற்றி ஒரு செய்தியும் இல்லை. இலக்கணப் பிழையற்றதாய், ஆயினும் பொருளற்றதாய் ஒரு வாக்கியம் இருக்கக்கூடும் என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டை நாம் வகுப்பிற் காட்டியதில்லை.

எமது பழைய உறுதிகளை எடுத்துப் பாருங்கள். அவற்றை எழுதிய நொத்தாரிசுமார் அழகிய காணி என எங்கும் எழுதினாரல்லர். காணியின் பெயர், பரப்பு, நாற்றிசை எல்லைகள், வீடு, கிணறு, பயன்தரு மரங்கள், வழிவாய்க்கால் உரிமை என முறைப்படுத்தி எழுதினர். பரப்பு என்று வாளா கூறாது, வரகுப் பரப்பா நெற்பரப்பா என்பதையும் குறித்தனர். வரகுப் பரப்புக்கு 18 குழி; நெற்பரப்புக்கு 12 குழி. ஓர் ஏக்கரில் முன்னது 16; பின்னது 24. இவ்வேறுபாட்டைக் கூறாது பத்துப் பரப்பு என்று மட்டும் விளம்பரஞ் செய்தால், வாங்குவோர் நினைத்த நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு காணாமற் போகலாம்.

காணிப் பெயர்களும் அத்தகையனவே. எம்மூர்களில் ஒவ்வொரு துண்டு நிலத்திற்கும் ஒரு பெயர் உண்டு. கலட்டி என முடியும் பெயர் கற்பாங்கான நிலத்தைக் காட்டும். பள்ளம் என முடிவது மாரியில் நீர் தேங்கும் தாழ்நிலத்தைக் காட்டும். புலம், தறை, வளவு என்பனவும் தத்தம் பொருளுடையன. இவை எம் முன்னோர் மண்ணைப்பற்றி எழுதிவைத்த ஒற்றைச் சொற் குறிப்புகள். இணைய விளம்பரத்தில் இப்பெயர்கள் இல்லை. அவ்விடத்திற் சிவப்பு நிறக் குறி ஒன்று நிற்கின்றது. அக்குறி காணி எங்கே உள்ளது என்று சொல்லும். அது எத்தகையது என்று சொல்லாது.

இவ்வுண்மையை நாம் ஏட்டிற் கற்றதினும் வீட்டிற் கற்றதே அதிகம். 1995இல் இடம்பெயர்ந்த அவ்விரவில், எமது தந்தையார் வீட்டுப் பொருள்களுட் பலவற்றைக் கைவிட்டு, உறுதிகளைப் பொலித்தீனிற் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார். நாம் அப்பொழுது பள்ளி மாணவர். மழை தூறிக்கொண்டிருந்தது. எம் தோளிற் சுமந்த அரிசிப் பை நனைந்தபோது பேசாதிருந்தவர், உறுதிப் பொதியில் ஒரு துளி விழுந்ததும் நின்று சால்வையாற் போர்த்தினார். காணி என்பது தாளிலும் வாழ்கின்றது என்பதை அன்று உணர்ந்தோம்.

அத்தந்தையார் மறைந்தபின், அவரது முதுசக் காணிகளுள் ஒன்றை விற்பதென உடன்பிறந்தோர் முடிவு செய்தோம். தமையனார் ரொறன்ரோவில், தங்கையார் இலண்டனில். இருவரும் எமக்கு அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்பினர். காணி, நான்கு வரகுப் பரப்பும் ஒன்பது குழியும். பெயர் கலட்டி என முடியும். கிணறு அயற்காணியில் உள்ளது. எமக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு. ஆடி, ஆவணி மாதங்களில் அந்நீர் சற்றே சவர்க்கும். விற்பனையை எம் பழைய மாணவர் ஒருவரிடம் ஒப்படைத்தோம்.

தமையனார் தொலைபேசியில், கிணற்றுப் பங்கையும் சவரையும் விளம்பரத்தில் எழுதவேண்டாம், கேட்பவர்க்கு நேரிற் சொல்லலாம் என்றார். அவர் பொய் சொல்லும் இயல்பினர் அல்லர். தம் பிள்ளைகளின் கல்விச் செலவு அவர் கண்முன் நின்றது. இதனை மாணவரிடம் கூறினோம். அவர் சிறிது நேரம் கைப்பேசியைப் பார்த்தபடி இருந்து, பின் சொன்னார்: “எழுதாமல் விட்டால் கன பேர் கேப்பினம், சேர். வந்து கிணத்தைப் பாத்த பிறகு ஒருத்தரும் என்னை நம்பமாட்டினம். இது உங்கட கடைசிக் காணி; எனக்கு இன்னும் நூறு காணி விக்கவேணும்.” ஆசிரியப் பயிற்சிக் கலாசாலையில் நாம் கற்ற ஒழுக்கவியற் பாடங்களில் இத்துணைத் தெளிவாக ஒருவரும் எமக்கு உரைத்ததில்லை.

அம்மாணவரே முதலில் வேறொன்றையும் நினைவூட்டினார். இக்காணிக்குத் தேசவழமைச் சட்டம் ஏற்புடையது. 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியில் தொகுக்கப்பெற்று, 1806இல் ஆங்கிலேயரால் நடைமுறைச் சட்டமாக ஏற்கப்பெற்ற அவ்வழமை, காணியைப் பிறர்க்கு விற்குமுன் பங்காளர்க்கும் உரித்துடைய உறவினர்க்கும் வாங்கும் வாய்ப்பை அளிக்கின்றது. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதனை வரையறுத்தது. “முகநூலிற் போடமுன்னம் சொந்தக்காரருக்குச் சொல்லுங்கோ, சேர்” என்றார் மாணவர். உலகெங்கும் ஒரு நொடியில் அறிவிக்கும் கருவியைக் கையில் வைத்திருப்பவர், முதலில் அறிவிக்கவேண்டியது வேலிக்கு அப்பால் உள்ளவர்க்கே என்று கூறியது எம் நெஞ்சைத் தொட்டது. அடுத்த வளவுக் காணி விலைப்படுவதைத் தூர தேசத்திலிருந்து வந்த படத்திற் கண்டு மனம் புண்பட்ட உறவினரை நாம் அறிவோம். எம் சிறிய தந்தையாரின் மகனார் தமக்கு வாங்கும் வசதியில்லை என எழுத்தில் அறிவித்தார். பின்னரே விளம்பரம் வெளிவந்தது.

விளம்பரத்தில் எல்லாம் இருந்தன: பெயர், வரகுப் பரப்பு, ஒழுங்கையின் அகலம், கிணற்றுப் பங்கு, ஆடிச் சவர், கல் எவ்வளவு ஆழத்தில் உள்ளது என்பது. மாரியில் எடுத்த படமும் கோடையில் எடுத்த படமும் அருகருகே இடம்பெற்றன. அழைத்தோர் மிகச் சிலர். தமையனார் இருமுறை சினந்தார். மூன்றாம் மாதத்தில், வீடு கட்டக் காணி தேடிய இளங் குடும்பம் ஒன்று வந்தது. தோட்டஞ் செய்வோர்க்குக் குறையாக உள்ள கலட்டி, அத்திவாரம் இடுவோர்க்கு நன்மையே. கற்பாங்கான நிலம் வேண்டுமென்றே அவர்கள் தேடி வந்திருந்தனர். விலை, தமையனார் எதிர்பார்த்ததிலும் பரப்புக்கு ஒன்றரை இலட்சம் ரூபா குறைவு. அவர் எம்மோடு சில மாதங்கள் சரியாகப் பேசவில்லை. இன்றும் அவ்விலைப் பேச்சு வரும்போது அவர் குரல் சற்று மாறும். ஆயினும் காணி வாங்கிய குடும்பம் எம்மை வீட்டுக் குடிபுகுதலுக்கு அழைத்தது. கோடையிற் சவர்க்கும் நீரைப்பற்றி அவர்கள் எம்மிடம் முறையிட்டதில்லை, முன்னரே அறிந்தமையால்.

குறையைக் கூறினால் விலை குறையும் என்பது ஓரளவு மெய்யே. அதனை மறைத்தெழுத நாம் விரும்பவில்லை. ஆனாற் குறை கூறாத விளம்பரம் பலரை அழைக்கும். குறை கூறும் விளம்பரம் உரியவரை அழைக்கும். பலரையும் ஒரே நொடியில் அழைக்கும் வசதி எல்லார் கையிலும் வந்துவிட்ட இக்காலத்தில், உரியவரை அழைக்கும் திறனே தரகரின் தனித்தொழில் என நாம் கருதுகின்றோம்.

இத்தொழிலிற் புகும் இளைய மாணவர்க்குச் சில சொல்ல விரும்புகின்றோம். உறுதியின் படத்தைப் பொதுப் பக்கங்களில் இடாதீர்கள். அதில் உரித்தாளரின் கையொப்பமும் அடையாள அட்டை இலக்கமும் இருத்தல் கூடும். பிறர் காணியின் படத்தைத் தமதென ஏற்றி முற்பணம் பறிப்போர் உளர். ஆதலாற் காணியையும் உறுதியையும் நேரிற் பாராத எவரையும் முற்பணம் அனுப்பத் தூண்டாதீர்கள். வாங்குவோர் வெளிநாட்டிலிருப்பின், நம்பத்தக்க உறவினர் ஒருவரையேனும் காணிக்கு வரச்செய்யுங்கள். இலங்கைக் குடியுரிமை இல்லாதோர்க்குக் காணி கைமாறுவதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் கட்டுப்படுத்துகின்றது. எனவே விலை பேசுமுன் குடியுரிமையை வினவுங்கள். காணிப் பதிவகத்திற் பதிவேட்டைப் பார்வையிடும் வேலையைக் கைப்பேசியிடம் ஒப்படையாதீர்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் முதலாக, காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையிற் சாட்சிகள் இருவரோடு நிறைவுறல் வேண்டும் என்பதே இந்நாட்டு முறை. திரையில் எத்தனை பேர் விருப்பம் தெரிவித்தாலும், கையொப்பம் இடப்படும் மேசை ஒன்றே.

பழைய மாணவ நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கடல் கடந்து வாழும் நீவிர் உங்கள் வளவை விற்க நினைக்கும் நாளில், அதன் பெயரைத் தரகரிடம் கேட்டுப் பாருங்கள். பெயரை அறிந்த தரகர் மண்ணையும் அறிவார். அறியாதவராயின், நீவிரே சொல்லிக்கொடுங்கள். உங்கள் பிள்ளைகளும் அருகிருந்து கேட்கட்டும். காணி கைமாறினாலும் அதன் பெயர் புதியவரின் உறுதியில் தொடரும். அடுத்த வீட்டாரின் பேச்சிலும் தொடரும்.

தொழில் எதுவாயினும் மெய்யுரைத்து வாழ்வோரைப் போற்றுதல் கல்லூரியின் கடன். கைப்பேசி ஏந்திய எம் தரகு மாணவர்களும் அவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவரே. அவர்கள் தொழில் சிறக்க. கல்லூரித் தாய் நீடு வாழ்க!